பதிவு போடும் முன்பும் நோட்டீஸ் வந்த பின்பும்: அவதூறுச் சட்டம் பற்றிப் புதிதாக எழுதுவோருக்கு

"உண்மையைத்தானே எழுதினேன், எனக்கென்ன பயம்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இந்தியக் குற்றவியல் சட்டம் இதற்குச் சொல்லும் பதில் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்: உண்மை மட்டும் போதாது. எழுதியது உண்மையாக இருக்க வேண்டும், அதை வெளியிட்டது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்டவேண்டிய பொறுப்பு எழுதியவர் தலையில்தான் விழுகிறது.

யூடியூபில் சேனல் தொடங்கியவர், ஊர்ப் பிரச்சினைகளை ஃபேஸ்புக்கில் எழுதுபவர், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கணக்குக் கேட்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வது என் நோக்கமல்ல. சட்டத்தில் எழுதுபவருக்குப் பாதுகாப்பு நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி, பதிவு போடுவதற்கு முன்பே செய்துவைத்த வேலையைச் சார்ந்தது. பிறகு தேடினால் கிடைக்காது.

சட்டம் எங்கே இருக்கிறது

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500ஆம் பிரிவுகளாக இருந்த அவதூறுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகிவிட்டது. சொற்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. தண்டனை இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை செய்யச் சொல்லும் தண்டனை மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பு போட்ட பதிவு என்றால் பழைய பிரிவுகள்தான் பொருந்தும்.

இரண்டு ஆண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு இந்த உச்சபட்சத் தண்டனையைக் கொடுத்ததும் அவருடைய மக்களவை உறுப்பினர் பதவியே பறிபோனது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகுதான் பதவி திரும்பக் கிடைத்தது. அந்த வழக்குக்குக் காரணம் கோலாரில் பேசிய ஒரு தேர்தல் மேடைப் பேச்சு.

இந்தக் குற்றப்பிரிவு செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்குகளை 2016 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒருவரின் நற்பெயர், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பது அதன் வாதம். அந்த வழக்கில் முதல் மனுதாரர் சுப்பிரமணியன் சுவாமி. அவரை நீதிமன்றத்துக்கு இட்டுச்சென்றவை தமிழ்நாட்டில் ஜெயலலிதா ஆட்சியில் அவர்மீது போடப்பட்ட அவதூறு வழக்குகள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி எம்.எம். சுந்தரேஷ், இதைக் குற்றம் என்ற நிலையிலிருந்து நீக்க நேரம் வந்துவிட்டது என்று விசாரணையின்போது வாய்மொழியாகக் குறிப்பிட்டார். அதனால் சட்டம் மாறிவிடவில்லை. இலங்கை 2002லேயே குற்றவியல் அவதூறை ஒழித்துவிட்டது. இந்தச் சட்டத்தை நமக்கு எழுதித்தந்த பிரிட்டன் தன் நாட்டில் 2010இல் கைவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறது, அதே 499 என்ற பிரிவு எண்ணில். நற்பெயருக்கு ஏற்பட்ட சேதத்தை நஷ்டஈட்டால் சரிசெய்யலாம், அதற்காக ஒருவரைச் சிறையில் வைக்கத் தேவையில்லை என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் சட்டம் இருக்கும்வரை அதை அறிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

எது அவதூறு ஆகும்

மூன்று விஷயங்கள் சேர வேண்டும். ஒருவரைப் பற்றிய பழி, அது மூன்றாவது ஆள் ஒருவருக்காவது போய்ச் சேர்வது, அதனால் அவர் பெயர் கெடும் என்ற நோக்கமோ அறிவோ எழுதியவருக்கு இருப்பது. பழிக்கப்பட்டவருக்கு மட்டும் தனியாக அனுப்பிய செய்தி அவதூறாகாது. அது மிரட்டலாகவோ ஆபாசமாகவோ இருந்தால் வேறு பிரிவுகள் இருக்கின்றன. ஐந்து பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது வெளியிட்டதாகவே கொள்ளப்படும்.

சட்டப் புத்தகத்திலேயே இதற்கு அழகான எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. பி என்பவருடைய கைக்கடிகாரம் காணாமல் போகிறது. "இசட் நேர்மையானவர், அவர் கடிகாரத்தைத் திருடவே இல்லை" என்று ஏ சொல்கிறார். இசட்தான் திருடினார் என்று கேட்பவர் நம்ப வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொல்கிறார் என்றால் அது அவதூறு. யார் திருடியது என்று கேட்டபோது வாய் திறக்காமல் இசட்டைக் கைகாட்டினாலும் அவதூறு. இசட் கடிகாரத்தோடு ஓடுவதைப் போலப் படம் வரைந்தாலும் அவதூறு. 165 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய இந்த வரிகளுக்குள் இன்றைய மீம் முழுதாக அடங்கிவிடுகிறது. வஞ்சப் புகழ்ச்சியாக எழுதினேன், வெறும் படம்தானே போட்டேன் என்ற வாதங்கள் நிற்காததற்கு இதுவே காரணம்.

பெயர் போடவில்லை என்பதும் நிற்காது. "எங்கள் வார்டின் முன்னாள் கவுன்சிலர்", "அந்த மூன்றெழுத்து நடிகை" என்று எழுதினாலும் படிப்பவருக்கு ஆள் தெரிந்தால் போதும். வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி போட்டுவிட்டாலும், "என்று பேசிக்கொள்கிறார்கள்" என்று ஒட்டிவிட்டாலும் பொறுப்பு போய்விடாது. ஊர் பேசுவதைத் திருப்பிச் சொன்னவரும் சொன்னவர்தான். இறந்துபோனவரைப் பற்றி எழுதினாலும், அவர் உயிரோடு இருந்தால் பெயர் கெடுமளவுக்கும் குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடும் இருந்தால் குற்றமாகும். நிறுவனமோ சங்கமோகூட அவதூறுக்கு ஆளானதாகப் புகார் கொடுக்கலாம்.

பத்து விதிவிலக்குகள் இதே பிரிவில் இருக்கின்றன. எழுதுபவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியவை இவைதான். பொதுநன்மைக்காக வெளியிட்ட உண்மை. அரசு ஊழியரின் அலுவல் நடத்தை பற்றியும், பொதுப் பிரச்சினையில் எவருடைய நடத்தை பற்றியும் நல்லெண்ணத்தில் சொன்ன கருத்து. நீதிமன்ற நடவடிக்கை பற்றிய, பெருமளவு உண்மையான செய்தி. தீர்ப்பான வழக்கைப் பற்றிய விமர்சனம். மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட படைப்பைப் பற்றிய விமர்சனம். உரிய அதிகாரியிடம் கொடுத்த புகார். தன் நலனையோ பிறர் நலனையோ காக்கச் சொன்னது. இவை போக இன்னும் சில உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஒரே திறவுகோல் நல்லெண்ணம். சட்டத்தில் இது மனசாட்சி சுத்தமாக இருப்பதைக் குறிப்பதில்லை. போதிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது என்கிறது சட்டம். சரிபார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

முதல் படி: எழுதியதைப் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இது தகவலா, கருத்தா என்று குறித்துக்கொள்ளுங்கள். விமர்சனம் பற்றிய விதிவிலக்கில் சட்டமே ஒரு நுட்பமான கோடு போட்டுக் காட்டுகிறது. "இசட்டின் புத்தகம் முட்டாள்தனமானது, எழுதியவர் அறிவில் பலவீனமானவராக இருக்க வேண்டும்" என்பது பாதுகாக்கப்பட்ட விமர்சனம், ஏனென்றால் அந்த முடிவு புத்தகத்திலிருந்து பிறந்தது. "இசட்டின் புத்தகம் முட்டாள்தனமாக இருப்பதில் வியப்பில்லை, அவர் ஒழுக்கங்கெட்டவர்தானே" என்றால் பாதுகாப்பு இல்லை. அது புத்தகத்தைத் தாண்டி ஆள்மீது பாய்கிறது. சினிமா விமர்சனத்துக்கும் ஓட்டல் விமர்சனத்துக்கும் இதே கோடுதான். சாம்பார் புளித்திருந்தது என்று எழுதுங்கள். முதலாளி மோசடிக்காரர் என்று எழுதினால் அது தகவல், அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புப் பணத்துக்குக் கணக்கு வரவில்லை. கோபத்தில் ஒருவர் எழுதுகிறார்:

"பொருளாளர் நம் பணத்தைச் சுருட்டிவிட்டார். திருடனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறோம்."

திருட்டு என்பது குற்றம். அதைச் சொன்னவர் நீதிமன்றத்தில் திருட்டைக் காட்ட வேண்டியிருக்கும். பணம் எங்கே போனது, யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு உண்மையில் தெரிந்தது வேறு. அதை எழுதினால் இப்படி இருக்கும்:

"போன ஆண்டுப் பராமரிப்புக் கணக்கில் லிஃப்ட் பழுதுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் செலவு என்று இருக்கிறது. ரசீது இணைக்கப்படவில்லை. மார்ச் மாதக் கூட்டத்தில் கேட்டோம், மின்னஞ்சலிலும் கேட்டோம். பொருளாளரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. தணிக்கை நடத்த வேண்டும் என்பது என் கோரிக்கை."

இரண்டாவது பதிவில் ஒவ்வொரு வரிக்கும் காகிதம் இருக்கிறது. கணக்குத் தாள், கூட்டக் குறிப்பு, மின்னஞ்சல். படிப்பவர் எந்த முடிவுக்கு வருவார் என்பது எழுதியவருக்கும் தெரியும், பொருளாளருக்கும் தெரியும். ஆனால் முடிவைப் படிப்பவரிடமே விட்டாயிற்று. இது கோழைத்தனமான எழுத்து என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பதிவுக்குப் பொருளாளர் "என்னைத் திருடன் என்றார்" என்று அழுதுவிட்டுத் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு ரசீது காட்டாமல் தப்ப முடியாது.

காவல்துறை, நீதிமன்றச் செய்திகளுக்கும் இப்படித்தான். கைதானவர் குற்றவாளி அல்ல, எஃப்.ஐ.ஆர். தீர்ப்பு அல்ல. எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையின் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: காகிதம் சேர்த்த பிறகு எழுதுங்கள்

அரசு சார்ந்த விஷயம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஆவணத்தை வாங்குங்கள். நீதிமன்ற ஆவணம் என்றால் சான்றிட்ட நகல் எடுங்கள். பொது ஆவணத்தின் அடிப்படையில் எழுதுவதற்கு வலுவான பாதுகாப்பு உண்டு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தமிழக அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, 1994இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. பொது ஆவணத்தில் இருப்பதைத் தனிவாழ்வில் தலையீடு என்று குறைசொல்ல முடியாது. அலுவல் நடத்தை பற்றி எழுதியதற்கு அதிகாரி நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், எழுதியது பொய் என்பதோடு, உண்மையா என்று பார்க்கும் அக்கறையே இல்லாமல் எழுதப்பட்டது என்பதையும் அவர் காட்ட வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை மட்டும் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது.

மறுதரப்பிடம் கேள்வி அனுப்பிப் பதில் கேளுங்கள். நியாயமான அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால், கேட்டோம், வரவில்லை என்று எழுதுங்கள். கவனமும் அக்கறையும் எடுத்தேன் என்று நாளை காட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை.

மூன்றாம் படி: யாரிடம் சொல்ல வேண்டும் என்று யோசியுங்கள்

பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஒரு டாக்டரின் அலட்சியம் பற்றி மருத்துவ கவுன்சிலுக்கோ, ஓர் ஊழியரின் லஞ்சம் பற்றி லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ நல்லெண்ணத்தில் கொடுத்த புகாருக்கு எட்டாவது விதிவிலக்கு துணை நிற்கிறது. அதே புகார் மனுவைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டால் அது வேறொரு வெளியீடு. எட்டாவது விதிவிலக்கு அதற்கு வராது, வேறொன்றைத் தேட வேண்டும். எனவே முதலில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பிறகு எழுதும்போது "இந்தத் தேதியில் புகார் கொடுத்திருக்கிறேன்" என்ற தகவலை எழுதுங்கள். புகாரில் உள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஊருக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை.

இதற்காக, பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் அதிகாரியிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று பொருளில்லை. பாலியல் தொல்லை கொடுத்தார் என்று சொன்னதற்காக முன்னாள் மத்திய இணையமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த வழக்கிலிருந்து பத்திரிகையாளர் பிரியா ரமணியை 2021 பிப்ரவரியில் விடுவித்த டெல்லி நீதிமன்றம், பெண் தன் குறையைத் தான் விரும்பும் எந்தத் தளத்திலும், பல பத்தாண்டுகள் கழித்தும் சொல்லலாம் என்றது. அந்த விடுதலைக்கு அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான்காம் படி: பகிரும் முன் நிறுத்துங்கள்

"ஃபார்வர்டு செய்தேன், நான் எழுதவில்லை" என்பது தற்காப்பு அல்ல. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவொன்றை நடிகர் எஸ்.வி. சேகர் 2018இல் பகிர்ந்தார். அதுபற்றிய வழக்குகளை ரத்து செய்ய 2023இல் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு என்றது. அனுப்பியவர் விளைவுக்கும் பொறுப்பு, அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் முடிந்துவிடாது. அது அவதூறுப் பிரிவு சார்ந்த வழக்கல்ல, ஆனால் எந்தப் பிரிவானாலும் அதே தர்க்கம்தான் வரும். 2024 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அர்விந்த் கேஜ்ரிவால் வழக்கில், அவதூறான பதிவை மறுபதிவு செய்வதும் வெளியிடுவதே என்று சொன்னது. பின்தொடர்வோர் அதிகம் உள்ளவருக்குப் பொறுப்பும் அதிகம் என்றது.

வாட்ஸ்அப் குழு நிர்வாகிகள் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். உறுப்பினர் ஒருவர் போட்டதற்கு, நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் குற்றப் பொறுப்பு வராது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் நம் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கின்றன. நிர்வாகியும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

சாதிப் பெயர் சொல்லித் தாழ்த்தப்பட்டோரையோ பழங்குடியினரையோ இழிவுபடுத்தினால் அது அவதூறோடு நிற்காது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும், அதில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது. அந்தச் சட்டம் அவ்வளவு கடுமையாக இருப்பது சரிதான்.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால்

பதறாதீர்கள். நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. கோடிகளில் நஷ்டஈடு கேட்டிருப்பார்கள். பதிவை நீக்கு, மன்னிப்புக் கேள், இத்தனை நாளுக்குள் செய் என்று இருக்கும். அந்தக் கெடு அனுப்பியவர் வைத்தது, சட்டம் வைத்ததல்ல. அதற்காகக் கிழித்துப் போட்டுவிடவும் கூடாது.

முதல் வேலை, உங்கள் பதிவையும் அதன் கீழுள்ள கருத்துகளையும் தேதி, நேரம் தெரியும்படி முழுமையாகச் சேமிப்பது. எடுத்தவுடன் அழித்துவிட்டால் நீங்கள் உண்மையில் என்ன எழுதினீர்கள் என்பதற்கு எதிர்த்தரப்பு வெட்டி எடுத்த படம் மட்டுமே மிஞ்சும். இரண்டாவது, நோட்டீஸைப் படம் பிடித்துக் கேலியோடு பதிவிடாதீர்கள். அந்தக் கேலிப் பதிவு உள்நோக்கத்துக்குச் சான்றாக அடுத்த மனுவில் வரும். மூன்றாவது, அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசாதீர்கள். உங்கள் காகிதங்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள், பதில் அவர் வழியாகப் போகட்டும்.

எழுதியதில் தவறு இருப்பது தெரிந்தால், சேமித்த பிறகு உடனே திருத்துங்கள். திருத்தத்தை, தவறு வெளியான அதே இடத்தில், அதே அளவுக்குக் கண்ணில் படும்படி போடுங்கள். மன்னிப்பு குற்றத்தைத் தானாக அழிக்காது, ஆனால் இது இருதரப்பும் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். 2018இல் கேஜ்ரிவால் தன்மீது வழக்குத் தொடுத்தவர்களிடம் வரிசையாக மன்னிப்புக் கேட்டு வழக்குகளை முடித்துக்கொண்டார். எழுதியது சரி, ஆதாரம் இருக்கிறது என்றால் மிரட்டலுக்காக நீக்காதீர்கள். பல நோட்டீஸ்கள் நீதிமன்றம் வரை போவதற்காக அனுப்பப்படுவதே இல்லை, எழுதியவர் பயந்து நீக்குவதற்காகவே அனுப்பப்படுகின்றன.

வழக்கு எப்படி நகரும்

அவதூறுக்குப் போலீஸார் தாமாக எஃப்.ஐ.ஆர். பதிந்து கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் எந்தப் பிரிவில், புகார் மனு ரசீது எண் என்ன என்று கேளுங்கள். வேறு பிரிவு ஏதேனும் சேர்த்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது முக்கியம். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சொன்னால், அது 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது என்று சொல்லுங்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தச் செத்த பிரிவில் வழக்குகள் போடப்பட்டன. 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

புகார் கொடுப்பவர் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். நடிகை குஷ்பு 2005இல் ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காக, பெரும்பாலும் தமிழ்நாட்டில், 23 புகார்கள் குவிந்தன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்களில் எவரைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லை என்பது ஒரு காரணம். பதிவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர், "எங்கள் தலைவரை இழிவுபடுத்திவிட்டார்" என்று வழக்குப் போட்டால் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

அமைச்சர், ஆளுநர், அரசு ஊழியர் ஆகியோரின் அலுவல் தொடர்பான அவதூறுக்குத் தனி வழி இருக்கிறது. அரசு வழக்கறிஞர் மூலம் நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம், ஆறு மாதத்துக்குள். இந்த வழியைத் தமிழ்நாடு அரசு எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியது என்பது 2016இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஐந்து ஆண்டுகளில் இருநூறுக்கு மேற்பட்ட வழக்குகள். பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2020 மே மாதம் என். ராம் உள்ளிட்ட பத்திரிகை ஆசிரியர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், அரசு சாதாரண மனிதரைப்போல அவசரப்படக் கூடாது என்றும், ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியது.

புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் எழுதுபவருக்கு ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது. 223ஆம் பிரிவின்படி, தனிப்புகாரை நடுவர் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்களைக் கேட்க வேண்டும். அந்த அழைப்பை வீணாக்காதீர்கள். புகாரைத் தொடுக்க இவருக்கு உரிமை இல்லை, காலக்கெடு முடிந்துவிட்டது, பதிவைப் படித்தாலே விதிவிலக்கில் அடங்குவது தெரிகிறது என்பவற்றை அங்கேயே எழுத்தில் வையுங்கள். நீங்கள் வேறு ஊரில் வசிப்பவர் என்றால், சம்மன் அனுப்பும் முன் நடுவர் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம்.

சம்மன் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். ஜாமீன் உங்கள் உரிமை, கேட்டால் கொடுத்தாக வேண்டும். வராமல் இருந்தால்தான் பிடியாணை வரை போகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வர இயலாவிட்டால், வக்கீல் மூலம் ஆஜராக அனுமதி கேட்டு மனுப் போடலாம். வழக்கே அடிப்படையற்றது என்றால் அதே நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். விதிவிலக்கைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது என்றாலும், அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நம்பத்தக்க அளவுக்குக் காட்டினால் போதும்.

உங்களைப் பற்றி எவரேனும் எழுதிவிட்டால்

பதிலுக்கு எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள், இரண்டு அவதூறு வழக்குகள் ஆகிவிடும். முதலில் பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிவு முழுவதையும் உருட்டிக் காட்டும் காணொளிப் பதிவும் எடுங்கள். படித்த ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் வெறும் அச்சுப்பிரதி ஏற்கப்படாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதன் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. முதல் பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும், இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ற நீண்ட எண்ணெழுத்துக் குறியீட்டையும் எழுத வேண்டும். அதை முதல் நாளே கணக்கிட்டு வைத்துவிட்டால், பின்னால் கோப்பைத் திருத்தியதாக எவரும் சொல்ல முடியாது. படம் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், மாற்றவும் செய்யாதீர்கள்.

அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. ஆனால் அவதூறு என்று நீங்கள் சொன்னதாலேயே தளம் நீக்கியாக வேண்டும் என்பதில்லை. 66ஏவை ரத்து செய்த அதே தீர்ப்பில், தளம் நீக்கக் கடமைப்பட்டது நீதிமன்றத்தின் அல்லது அரசின் ஆணை கிடைத்த பிறகே என்று சொல்லப்பட்டிருக்கிறது. போலிக் கணக்கு, அந்தரங்கப் படம் போன்றவற்றுக்கு மட்டும் பாதிக்கப்பட்டவரின் புகாரிலேயே விரைந்து நீக்க வேண்டும்.

பெண்மீது ஆபாசமாக எழுதியிருந்தால், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால், மிரட்டியிருந்தால் அவதூறு வழக்கை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேராகச் சைபர் கிரைம் போலீஸாரிடம் போங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். இவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். பதியலாம், பதியச் சொல்லுங்கள்.

குற்றவியல் வழக்கா, நஷ்டஈட்டு வழக்கா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் தொடுக்கலாம். சிவில் வழக்கில் கேட்கும் தொகையைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். எழுதியது உண்மை என்று காட்டிவிட்டால் எதிர்த்தரப்பு அதோடு தப்பிவிடும். பதிவை உடனே நீக்க இடைக்காலத் தடை கேட்கலாம், ஆனால் 2024 மார்ச்சில் செய்தி நிறுவனமான ப்ளூம்பெர்க்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு முன்பே கட்டுரைகளை முடக்குவது எழுதுபவரின் உரிமைக்கும் மக்களின் அறியும் உரிமைக்கும் பெருங்கேடு என்று எச்சரித்திருக்கிறது. எளிதில் கிடைக்காது. என் கருத்தில், பிழையைத் திருத்த வைப்பதே பெரும்பாலானோருக்கு வேண்டியது. அதற்கு நிதானமான ஒரு கடிதம் முதல் வழியாக இருக்கட்டும்.

காலக்கெடுவை மறக்கவே கூடாது. நஷ்டஈட்டு வழக்குக்கு, வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டு. குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு. பதிவு இன்னும் இணையத்தில் இருக்கிறதே, தினமும் புதிதாக வெளியாவது போலத்தானே என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். முதலில் வெளியான நாள்தான் கணக்கு என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

எந்தப் பக்கம் நின்றாலும் வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பில்லாமலும், மற்றவர்கள் வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவச உதவி கேட்கலாம். ஆனால் அவதூறு வழக்கு தொடுப்பவருக்கு மாநில விதிகள் சில இடங்களில் இந்த உதவியை மறுக்கின்றன, வழக்கைச் சந்திப்பவர் தயங்காமல் கேட்கலாம். தொலைபேசி எண் 15100. போகும்போது பதிவின் பிரதி, நோட்டீஸ் அல்லது சம்மன், அது உங்கள் கைக்கு வந்த தேதி தெரியும் உறை, அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.